ஞாயிற்றுக்கிழமை ஊசி

எண்ணெயில் கரைத்த மருந்தை ஊசியில் ஏற்றுவதற்கு முன் அந்தக் குப்பியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திவைத்துச் சூடாக்க வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், இறங்கும்போது கடுக்கும், மறுநாள் உட்கார முடியாது. மனதுக்குள் ஒரு பிரார்த்தனை சொல்லி முடிக்கும் நேரம் போதும், மருந்து இளகிவிடும். பதின்மூன்று வருடமாக நான் அப்படித்தான் செய்துவருகிறேன். என் கையால் ஊசி போட்டுக்கொண்ட யாரும் வலித்தது என்று சொன்னதில்லை.

நீங்கள் கேட்டு நான் பதில் சொல்வதைவிட நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்று நீங்கள் விசாரித்தபோது ஓரமாக உட்கார்ந்து தட்டச்சு செய்த பெண் இரண்டு தடவை எழுந்து வெளியே போனாள். வாயும் வயிறுமாக இருக்கிறாள். இந்த மாதிரி விஷயங்கள் அவள் காதில் விழ வேண்டாம். இன்னொன்று, உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டரை நீங்கள் பிடித்துவைத்திருப்பதாகத் தெரிந்தது. அவர் செய்தது அவருக்கு. நான் செய்ததை அவர் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியாது.

எனக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். நான் அப்போதுதான் நர்ஸ் வேலையில் சேர்ந்திருந்தேன். கடைவீதியில் இருக்கும் சின்ன மருத்துவமனைதான். காயத்துக்குக் கட்டுப்போடும் அறை என் பொறுப்பு. காலையில் அவனுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போவேன், சாயங்காலம் வந்து பாடம் கேட்பேன். என்னைப் பெண் பார்க்க இரண்டு தடவை வந்தார்கள். "தம்பி கூடவே வருவானா?" என்று கேட்டார்கள். வருவான் என்றேன். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இதை எழுதுவது, அவனை நான் எப்படி வளர்த்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. பெயின்ட் வேலைக்குப் போனான். பழைய வீடுகளின் சுவரைச் சுரண்டி, பட்டிபூசி, வண்ணம் அடிக்கும் வேலை. கூட வேலை செய்பவர்கள் அவனைக் குச்சி என்று கூப்பிடுவார்கள். உயரம் இருந்தது, சதை இல்லை. ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனபோது மேஸ்திரி சொன்னார்: "ஏணியைத் தூக்கிட்டு வாங்கடான்னா, இந்தப் பசங்க உன் தம்பியைத் தூக்கிட்டு வந்துட்டாங்கம்மா." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று அவன் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சிக் கூடம். வேலை முடிந்ததும் நேராக அங்கே போவான். பக்கத்திலேயே இரண்டு பெயின்டர்களோடு அறை எடுத்துத் தங்கிவிட்டான். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பான். வேறு பேச்சு இருக்காது. பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளே வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு காலுறையை எடுத்தான். அதற்குள் ஒரு குப்பி.

"அக்கா, கோபப்படக் கூடாது."

"ஆரம்பமே சரியில்லையே."

"இதை வாரம் ஒண்ணு போடணும். இடுப்புக்குக் கீழ. எனக்குக் கை எட்டாது."

"உங்க மாஸ்டருக்கு எட்டுமே."

"எட்டும். ஆனா அவர் ஒரே ஊசியை நாலு பேருக்குக் குத்துறாரு."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். குப்பியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு என்று ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் அடக்க டாக்டர்கள் கொடுப்பது. அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பது எங்கள் ஆயாம்மாவுக்குக்கூடத் தெரியும். மற்றது சதை ஏற்றுவது. இது இரண்டாவது. அவனைத் திட்டினேன், அழுதுகூடப் பார்த்தேன். நான் மாட்டேன் என்றால் மாஸ்டரிடம் போவான். அழுக்கு ஊசியைவிடச் சுத்தமான ஊசி நல்லது. ஆண்டவன் சின்னச் சின்ன நல்லதைச் செய்யத்தான் நம்மைப் படைத்திருக்கிறான், பெரியதை அவனே பார்த்துக்கொள்வான் என்று நான் நம்புகிறவள். புது ஊசி எடுத்து, பஞ்சால் துடைத்து, மருந்தைக் கையில் பொத்திச் சூடாக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு வந்துவிடுவான். கட்டிலில் குப்புறப் படுப்பான். முகம் தலையணையில் புதைந்திருந்தால் ஆண்பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள் என்பதை நான் அப்போதுதான் கண்டுகொண்டேன். எந்த வீட்டுச் சுவர் எப்படி உதிர்ந்தது, எந்த வீட்டுக்காரி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே வணக்கம் சொல்வது எல்லாம் சொல்வான். ஊசி போட ஒரு நிமிடம்தான். அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறேன் என்று நான் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வேன். பிறகு சாப்பிடுவான். ஆறு மாதத்தில் அவனைக் குச்சி என்று யாரும் கூப்பிடவில்லை.

இடுப்பில் முதலில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்த வளையம் வந்தது. படர்தாமரை. பெயின்டருக்கு வேர்வை, உடற்பயிற்சிக் கூடத்தில் ஒருவன் துண்டை இன்னொருவன் எடுப்பான், வரத்தான் செய்யும். களிம்பு தடவினேன். போகவில்லை. முதுகுக்கு ஏறியது. எங்கள் கட்டுப்போடும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு பரவுகிறதா, வாடுகிறதா என்று பார்க்க அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிடுவோம். மறுவாரம் பார்த்தால் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்று தெரிந்துவிடும். தம்பி முதுகிலும் அப்படிப் போட்டேன்.

"கூசுதுக்கா. என்ன, தேசப்படம் வரையுறியா?"

"அசையாதே. எல்லை மாறிடும்."

"எந்த நாடு ஜெயிக்குது?"

சிவப்பு போன வாரக் கோட்டைத் தாண்டியிருந்தது. நான் அதற்கு வெளியே புதுக் கோடு போட்டேன்.

அந்தப் பெண் வந்தது இதற்குப் பிறகு. தையற்காரி. அவர்கள் கடைக்கு இவன் வண்ணம் அடிக்கப் போயிருக்கிறான். நல்ல பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கல்யாணம் பேசும் முன்பே என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். அவளுடைய மாமா கடலோர ஊர் ஒன்றில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய தூரம்.

"அக்கா, இந்த ஊசி போதும். அவ வேண்டாங்கிறா," என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறேனாம். நீ கல்யாணம் பண்ணிக்கிறது என்னையா, இல்ல இந்தத் தோளையான்னு கேட்டேன். தோளைக் கழட்டி வெச்சுட்டு வா, பேசிக்கலாங்கிறா."

நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். நிறுத்திவிட்டோம். களிம்பு மட்டும் தொடர்ந்தது. ஐந்து வாரத்தில் முதுகில் இருந்த வளையங்கள் ஒவ்வொன்றாகப் பேனாக் கோட்டுக்குள் சுருங்கின, பிறகு வெளிறிப்போயின. அவன் சட்டையைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்து, "இனிமே களிம்புகூட வேண்டாம்க்கா," என்று குதித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. வர வேண்டிய வேலை அவனுக்கு இல்லையே. ஒன்பது மணிக்குக் கட்டிலில் உறை மாற்றி விரித்துவைத்திருந்தேன். பன்னிரண்டு மணிவரை அதில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

மூன்றாவது வாரம் நானே அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். இப்படித் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தளர்ந்துவிடும், கொஞ்ச நாள் வைட்டமின் ஊசி போட வேண்டும் என்றேன். அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னால் ஏன் என்று அவன் கேட்க மாட்டான். சின்ன வயதில் வாயைத் திற என்றால் எதற்கு என்று கேட்காமல் திறக்கும் பிள்ளை. முதல் இரண்டு வாரம் வைட்டமின்தான் போட்டேன். அந்தச் சாக்கு நான்கு வாரத்துக்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போது எத்தனை நாளைக்கு ஒருவன் ஊசிக்காக வருவான்?

மாஸ்டரிடம் நானே போய் அந்தப் பழைய எண்ணெய் மருந்தை வாங்கினேன். "உங்க தம்பி நிறுத்திட்டானே?" என்று அவர் கேட்டார். மறுபடி ஆரம்பித்திருக்கிறான் என்றேன். அதனால்தான் சொல்கிறேன், அவரை விட்டுவிடுங்கள். தம்பி வருவதற்கு முன்பே சமையலறையில் ஊசியில் ஏற்றித் தட்டில் மூடிவைத்துவிடுவேன். அவன் குப்பியைப் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தில் வளையங்கள் திரும்பி வந்தன. அவனும் வந்தான், ஒரு ஞாயிறு தவறாமல்.

இதை நான் அறியாமல் செய்தேன் என்று யாராவது எனக்காகப் பேசினால் நம்பாதீர்கள். எங்கள் டாக்டரிடம் ஒரு நோயாளி கேட்டதாகச் சொல்லிக் கேட்டேன்: சதை ஏற்றும் ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமா, அதனால் படர்தாமரை மாதிரிப் பூஞ்சைக் காளான் நோய் பரவுமா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குறைக்கும்னும் எழுதியிருக்காங்க, அப்படியெல்லாம் இல்லைன்னும் எழுதியிருக்காங்க. அளவைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது. படர்தாமரைக்கு வேர்வையே போதும். நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா. ஆனா எனக்கு ஒரு தம்பி இருந்தா நான் போட விடமாட்டேன்."

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

ஆனாலும் எனக்கு உறுத்தியது. மூன்று வாரம் ஊசியை மாற்றி உண்மையான வைட்டமினே போட்டுப் பார்த்தேன். களிம்பு அதேதான், துவைத்த சட்டை அதேதான், வேலையும் அதேதான். வளையங்கள் கோட்டுக்குள் சுருங்கின. மறுபடி எண்ணெய் ஊசி. கோட்டைத் தாண்டின. பிரார்த்தனைகள் எழுதிவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதிபோட்டு எல்லாம் குறித்திருக்கிறேன். நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த பொருள்களில் அது இருக்கும். டாக்டருக்கு நிச்சயமாகத் தெரியாதது, என் தம்பி ஒருவனைப் பொறுத்தவரை எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அன்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பூஜை விளக்கின் முன் நின்று, இவனுக்குப் பெரிதாக எதுவும் வராமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன். தோலில்தானே என்று நினைத்தேன். தோல் நோயால் யாரும் சாவதில்லை. முதுகில் அவனுக்குக் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் அது படர்ந்தது. நான் தடவிவிட வேண்டியிருந்தது.

கல்யாணத்தைத் தள்ளிவைத்தவளும் நான்தான். தையற்காரப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "தொத்துற வியாதிம்மா. முழுசா ஆறட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றேன்.

"தொத்தினா தொத்தட்டும் அண்ணி, ரெண்டு பேரும் சேர்ந்து சொறிஞ்சுக்குறோம்," என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். மறுவாரம் அவனுக்கு நான்கு சட்டைகள் கொண்டுவந்தாள். பழைய மெல்லிய துணியில், முதுகுப் பக்கம் தையலே வராமல், உரசாதபடி வெட்டித் தைத்திருந்தாள்.  மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்தச் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த உதவிகள் எதிலும் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. என்ன என்று அன்று புரியவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையைச் சுரண்டும் வேலை அவனுக்கு வந்தது. வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கிய சுவர்கள்; கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் ரோமம்போல வளர்ந்திருந்ததாம். மூக்கில் துணி கட்டிக்கொள் என்றேன். மீசை கலைந்துவிடும் என்றான். பத்து நாள் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தான். கூட இருந்த இரண்டு பேருக்குத் தும்மலோடு போயிற்று. இவனுக்கு இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது, பிறகு சளியில் ரத்தம் வந்தது.

பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலில் பூஞ்சைக் காளான் இறங்கியிருக்கிறது என்றார்கள். அங்கிருந்த டாக்டர் அம்மா இளவயதுக்காரர், பொறுமையானவர். கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார். சர்க்கரை இல்லை. வேறு தொற்று எதுவும் இல்லை. "இந்த வயசுல, இவ்வளவு கட்டான உடம்புல, இது இவ்வளவு தூரம் உள்ள போகவே கூடாது," என்றார். "எதிர்ப்புச் சக்தியை எதுவோ கெடுத்திருக்கு. எதையும் மறைக்காதீங்க. ஜிம்முல ஊசி ஏதாவது போட்டீங்களா?"

தம்பி மூக்கில் இருந்த குழாயை விலக்கிவிட்டுச் சொன்னான்: "முன்னாடி போட்டேன் டாக்டர். நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்ப அக்கா வைட்டமின்தான் போடுறாங்க. அவங்க நர்ஸ்."

டாக்டர் என்னைப் பார்த்தார். தையற்காரப் பெண்ணும் பார்த்தாள். தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஆமாம் டாக்டர். வைட்டமின்தான்," என்றேன்.

நான் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று நேற்று கேட்டீர்கள். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றுதான் அந்த டாக்டர் அம்மாவும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் காரணம் தேடி எட்டு நாள் அவர்கள் அலைந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், எலும்புக்குள் ஊசிவிட்டுப் பார்த்தார்கள். வலியில் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டபோது நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "இப்படி ஒரு அக்கா யாருக்கும்மா கிடைப்பா," என்றாள். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. பொய்யாக எழுதக் கூடாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

அந்த எட்டு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. உடம்பு துடைத்துவிடுவதாகச் சொல்லித் திரையை இழுத்தேன். இளைத்துவிட்டான், தோள் எலும்பு மறுபடி தெரிந்தது. குச்சி என்று யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று இருந்தது. மருந்து என் பையில் இருந்தது. அதையும் போட்டேன். வலிக்கவில்லை என்றான்.

அதற்கு அடுத்த புதன்கிழமை மதியம் அவன் போய்விட்டான்.

இப்போது என் வீட்டுச் சமையலறைச் சுவரில், அவன் வண்ணம் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த இடத்தில், ஈரம் பாய்ந்து ஒரு வட்டம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுகிறேன். மறுவாரம் பார்த்தால் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. மாடிப்படியில் யாராவது இருமினால் என் கை தானாக ஊசித் தட்டைத் தேடுகிறது. கோடு போடும்போது சுவரிலிருந்து "கூசுதுக்கா" என்று கேட்கும். பயமாக இல்லை. பயம் இருந்தால் பரவாயில்லை என்றுகூடத் தோன்றுகிறது. அவன் வரட்டும், எப்படியாவது வரட்டும் என்றுதான் இருக்கிறது.

தையற்காரப் பெண் காரியங்கள் முடிந்த பிறகும் தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நிலவறை வேலைக்குப் போகாதே என்று தடுக்காமல் விட்டது தன் குற்றம் என்று அழுதாள். அதைக் கேட்டபிறகுதான் உங்களிடம் வந்தேன். செய்யாத குற்றத்தை அந்தப் பிள்ளை சுமக்கக் கூடாது. இந்தக் காகிதத்தை அவளுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அவளாகப் படிக்க விடாதீர்கள்.

முழுவதும் எழுதிவிட்டேன். என் தம்பிக்கு எட்டு மாதம், அவனுக்குத் தெரியாமல், அது அவன் உடம்பைத் திறந்துவிடுகிறது என்று தெரிந்தே, அந்த ஊசியைப் போட்டவள் நான். கேட்டபோது மறைத்தவளும் நான். சுயநினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவன் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிட்டா என்னை அந்தக் கடலோர ஊருக்குப் போக விடுவியாக்கா?" என்று கேட்டான். விடுவேன் என்றேன். அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.